குளியலறைக்கு லைற் தேடியது: கல்லடி வீட்டு வேலைக் குறிப்பு

பழைய ஹோல்டரைக் கழற்றினால் உள்ளே பித்தளை முனைகள் பச்சை பூத்துக் கிடந்தன. திருகாணியின் தலை துருவிலேயே கரைந்துவிட்டது. மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. அந்த உப்புக் காற்றோடு குளியலறை ஈரமும் சேர்ந்தால் பித்தளை பாவம் என்ன செய்யும்? அதனால் இந்த முறை உடல் முழுக்க பிளாஸ்ரிக்காக உள்ள பல்க்ஹெட் லைற் (சுவரோடு ஒட்டிப் பூட்டும், மூடி போட்ட லைற்), துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி என்று முதலிலேயே முடிவெடுத்தாயிற்று.

கடையில் வாட்டுக்கு முன்னால் பெட்டியில் உள்ள ஐபி எண்ணைத்தான் பார்த்தேன், தூசியையும் தண்ணீரையும் லைற் எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் ஈரிலக்க எண் அது. அதில் இரண்டாவது இலக்கம் தண்ணீருக்கு: 4 என்றால் எந்தப் பக்கமிருந்து தெறித்தாலும் தாங்கும், 5 என்றால் குழாயால் பீய்ச்சினாலும் தாங்கும். முதல் இலக்கம் தூசிக்கு, 6 என்றால் தூசியே நுழையாது. நம்மூருக்கு இந்த முதல் இலக்கமும் முக்கியம். மாரி தொடங்கியதும் ஈசல் கிளம்பினால், லைற் மூடிக்குள் செத்த சிறகுகள் நிரம்பிவிடும். ஆகவே 65 எடுத்தேன், 44-ஐ விட விலை கூடத்தான்.

எங்கே பூட்டுவது? பாத் டப் இல்லாத, சும்மா ஷவர் மட்டும் உள்ள அறைக்கு ஐஈசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) விதி இப்படிச் சொல்கிறது: ஷவர் வாயிலிருந்து சுற்றிவர 1.2 மீற்றர், தரையிலிருந்து 2.25 மீற்றர் உயரம் வரை கவனமான பகுதி. அதற்குள் வருவது எதுவானாலும் ஐபி எண்ணின் இரண்டாவது இலக்கம் குறைந்தது 4 வேண்டும். எங்கள் அறையோ ஏழடி நீளம். நாடாவால் அளந்தால் கிட்டத்தட்ட நாலடி அந்த வட்டத்துக்குள் போய்விடுகிறது. எதிர்ச் சுவரில், கதவுக்கு மேலே இடம் கிடைத்தது. வாளியில் மொண்டு குளிப்பவர்களுக்கு வட்டமும் கிடையாது, எல்லையும் கிடையாது என்பது வேறு கதை.

வயரிங் நமக்குத் தெரிந்த எலெக்ட்ரீசியன் அண்ணன்தான். மெயினை நிறுத்தி, டெஸ்டரால் பார்த்த பிறகுதான் கை வைத்தார். லைற்றுக்கு மேலே துளை போட்டு வயரை இறக்கலாமா என்று கேட்டதும், "வேணாம் தம்பி, கீழால எடுப்பம். மேலால விட்டா தண்ணி வயரைப் புடிச்சிக்கிட்டு உள்ள போயிரும்" என்றார். சரியான பேச்சு. துளையில் ரப்பர் கிளாண்ட் (வயரைச் சுற்றி இறுக்கி அடைக்கும் வளையம்) போடாவிட்டால் பெட்டியில் அச்சிட்ட 65 வெறும் எழுத்துதான். மூடியின் ரப்பர் வளையம் ஓர் ஓரத்தில் மடிந்திருந்தது, அதை விரலால் நீவி அதன் பள்ளத்தில் உட்காரவைத்த பிறகே திருகாணியை இறுக்கினோம். சுவரோடு சேரும் இடத்தில் மேற்பக்கமும் இரு பக்கவாட்டிலும் சிலிக்கோன் பூசி, கீழ்ப்பக்கத்தைத் திறந்தே விட்டோம், உள்ளே ஈரம் தேங்கினால் வடிய வழி வேண்டுமே.

சுவிற்ச் ஏற்கெனவே வெளியில்தான், அதைத் தொடவில்லை. ட்ரிப் சுவிற்ச் 30 மில்லி அம்பியர், அதாவது அந்தளவு மின்சாரம் கசிந்தாலே தானாக விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். டெஸ்ட் பட்டனை அழுத்தினோம், டக்கென்று விழுந்தது. லைற் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கசிவு வந்தால் ஆளைக் காப்பாற்றுவது அதுதான்.

வெளிச்சத்தின் நிறம் 4000 கெல்வின் (எண் கூடக்கூட நீலம் கூடும்). 6500 போட்டால் முகம் நீலம் பாரிக்கிறது. இனிக் கண்ணாடிக்கு மேலே 12 வோல்ற் லைற் பட்டி ஒன்று போட எண்ணம், அதன் டிரைவரை (மெயின் மின்சாரத்தை 12 வோல்ற்றாகக் குறைக்கும் பெட்டியை) அறைக்கு வெளியே வைக்க இடம் பார்க்க வேண்டும்.