'இயல்பு' என்று அச்சிட்ட எண்

செம்பூரில் வசிக்கும் எனக்கு மூன்றாண்டுகளுக்குள் இருமுறை சிறுநீரகக் கல் வந்தது. இருமுறையும் தண்ணீர் நிறையக் குடிக்கவும் பால், தயிரைக் குறைக்கவும் சொல்லி அனுப்பினார்கள். மும்பைப் புழுக்கத்தில் வியர்த்ததுதான் காரணம் என்று நானும் நம்பினேன். இரத்தக் கால்சியம் 10.9 மில்லிகிராம், அதாவது மேல் எல்லையைவிடச் சற்றே அதிகம் என்பதால், அதை எவரும் பொருட்படுத்தவில்லை.

மாட்டுங்காவில் இருக்கும் அத்தையின் வற்புறுத்தலால் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் ஒருவரைப் பார்த்தேன். கால்சியத்தையும் பாராதைராய்டு ஹார்மோனையும் ஒரே நேரத்தில் எடுத்த இரத்தத்தில் அளக்கச் சொன்னார். ஹார்மோன் 58 பிக்கோகிராம். எல்லை 15 முதல் 65 வரை என்பதால் அறிக்கையில் 'இயல்பு' என்றே இருந்தது. அந்த இயல்புதான் கோளாறு என்றார் அவர்.

தைராய்டுக்குப் பின்புறம் பருப்பளவில் இருக்கும் நான்கு சுரப்பிகள், இரத்தத்தில் கால்சியம் குறைந்தவுடன் இந்த ஹார்மோனைச் சுரக்கின்றன. அது எலும்பிலிருந்து கால்சியத்தை விடுவிக்கிறது, சிறுநீரகம் அதை மீட்டுக்கொள்ளச் செய்கிறது, வைட்டமின் டி-யைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றச் செய்து குடல் உறிஞ்சுவதையும் கூட்டுகிறது. கால்சியம் ஏறிய பிறகு இந்தச் சுரப்பிகள் அடங்கியிருக்க வேண்டும், 10.9-இலும் 58 என்றால், ஏதோ ஒன்று சொல்பேச்சு கேளாமல் சுரக்கிறது என்று பொருள். சிறுநீரகம் எவ்வளவு மீட்டாலும் மிஞ்சியது வடிந்து கல்லாகியிருக்கிறது. நான் பாலைக் குறைத்ததால் ஆன பயன், எலும்பின் மீது சுமை கூடியதுதான்.

அடுத்து 24 மணி நேரச் சிறுநீரைக் கேனில் சேர்க்க வேண்டியிருந்தது. அந்தக் கேனோடு லோக்கல் ரயிலில் அலுவலகம் போக மனம் வராமல் விடுப்பு எடுத்தேன். அறுவை தேவைப்படாத, குடும்பவழி வரும் இன்னொரு நிலையில் சிறுநீரில் கால்சியம் மிகக் குறைவாகவே வெளியேறுமாம். அதை விலக்கத்தான் இந்தச் சோதனை. டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளைச் செலுத்தி எடுத்த ஸ்கேனில் இடது கீழ்ச் சுரப்பி பெருத்திருந்தது தெரிந்தது.

அறுவையில் அந்த ஒன்றை மட்டும் நீக்கினார்கள். இந்த ஹார்மோன் இரத்தத்தில் சில நிமிடங்களே தங்கும் என்பதால், பத்து நிமிடம் கழித்து அங்கேயே மீண்டும் அளந்து, பாதிக்கும் கீழே இறங்கியதைப் பார்த்த பிறகே தையல் போட்டார்கள். மறுநாள் உதட்டோரமும் விரல்நுனிகளும் மதமதத்தன. இதுநாள்வரை அடங்கிக் கிடந்த மற்ற மூன்றும் விழித்துக்கொள்ளும் வரை கால்சியம் மாத்திரை வேண்டும் என்றார்கள். ஆறு மாதம் கழித்தும் கால்சியம் சரியாக இருந்தால்தான் குணமானதாகக் கொள்வார்களாம். எனக்கு அந்தக் கணக்கு வரும் தையில் முடிகிறது.