யாளிக்குப் பல் முளைத்த கதை

சித்தி மகன் விஸ்காம் கடைசி வருடம் படிக்கிறான். கூடப் படிப்பவர்கள் எல்லாம் மொட்டை மாடியில் இரண்டு பேர் பேசுவதைக் குறும்படமாக்கித் தப்பித்துக்கொள்ள, இவன் மட்டும் யாளி காவல் காக்கும் குகை, உள்ளே மந்திர வாள், வழி சொல்ல ஓலைச்சுவடி என்று எழுதி வைத்துவிட்டான். கையிலிருந்த காசு கேமரா வாடகைக்கே சரியாகப் போனது. மிச்சம் எல்லாம் எங்கள் வீட்டு ஹாலில் தயாரானது.

வாள் சுலபம். செருப்புக்கு சோல் வெட்டும் ஈ.வி.ஏ. ஷீட்டை வாங்கி, நடுவில் பிவிசி பைப் வைத்து ஒட்டி, ஹீட் கன்னால் சூடு காட்டினால் மேலே வழவழப்பாகிவிடும். அப்புறம் ஃபெவிகால் பூசி, காய்ந்ததும் வெள்ளி பெயின்ட். கேமராவில் இரும்பேதான். மூக்குக்குத்தான் புதுச் செருப்பு. கதாநாயகன் பரம்பரை வாளை முத்தமிடும் காட்சியைத் தூக்கச் சொன்னது நான்தான்.

சுவடியில் தாத்தா தலையிட்டார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர்.

"மெய்யெழுத்துக்கு எவன்டா புள்ளி வச்சது? எழுத்தாணியால குத்தினா ஓலை பொத்துப்போகும்னு சுவடியில புள்ளி வைக்க மாட்டாங்க."

"தாத்தா, இது கற்பனை உலகம்."

"கற்பனை உலகத்துல ஓலை கிழியாதா?"

அத்தனையும் மறுபடி எழுதினார்கள். படத்தில் அந்தச் சுவடியை யாருமே பிரித்துப் பார்ப்பதில்லை என்பதைத் தாத்தாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

யாளிக்கு மாதிரி மாமல்லபுரம் பக்கத்துச் சாளுவன்குப்பம் புலிக்குகை. பல்லவர் காலத்துக் குடைவு, வாசலைச் சுற்றிப் 11 யாளித் தலைகள். அங்கேயே படம் பிடிக்கத் தொல்லியல் துறை அனுமதி வாங்க வேண்டும் என்பதால் போட்டோ மட்டும் எடுத்து வந்தார்கள். 11 வேண்டாம், ஒன்று போதும் என்று பேசி முடித்தோம். பழைய மூங்கில் கூடைதான் மண்டை ஓடு. அதன்மேல் செய்தித்தாளும் மைதாப் பசையும். பூச்சி அரிக்காமலிருக்க, போஸ்டர் ஒட்டுகிறவர்கள் செய்வதுபோல் பசையில் மயில்துத்தம் என்ற விஷ உப்பைக் கலந்தோம். கிண்டிய பாத்திரத்தை அம்மா அப்படியே குப்பைக்கு அனுப்பினார்.

பற்கள் தெர்மாகோல். ஃபெவிகால் பூசிக் காயவைத்த பிறகே ஸ்ப்ரே பெயின்ட் அடிக்க வேண்டும். அதிலுள்ள கரைப்பான் பட்டால் தெர்மாகோல் உருகிவிடும். இதைக் கேட்கப் பொறுமையில்லாத நண்பன் ஒருவன் நேராகவே அடித்தான். புஸ்ஸென்று பற்கள் உள்வாங்க, யாளி எங்கள் பெரியபாட்டி ஜாடைக்கு வந்துவிட்டது. தம்பி பார்த்தான். "அக்கா, ஆயிரம் வருசப் பல்லு! இதைத்தான் கேட்டேன்." மீதிப் பற்களுக்கும் அதே வைத்தியம் நடந்தது.

குகையாகக் காட்ட, அடுத்த தெருவில் பூசாமல் நின்ற வீடு கிடைத்தது. ஷூட்டிங் முடிந்ததும் வீட்டுக்காரர் வாடகை வேண்டாம், அந்தத் தலையைக் கொடுங்கள் என்றார். வீட்டு முன்னால் திருஷ்டிக்குக் கட்ட வேண்டுமாம். கொடுத்தோம்.

கல்லூரியில் பார்த்துவிட்டு யாளிக்கு ஒரு குளோசப் வேண்டும் என்றார்களாம். கார்த்திகைக்குள் படத்தைக் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரரோ தையில் கிரகப்பிரவேசம் முடியாமல் இறக்க முடியாது என்றுவிட்டார். கடைசியில் சாரத்தில் ஏறி அது தொங்கிய இடத்திலேயே எடுத்தார்கள். பின்னால் மேஸ்திரியின் சாந்துச் சட்டி தெளிவாகத் தெரிகிறது. தம்பி அசரவில்லை. அது அட்சய பாத்திரமாம். அதற்காக ஒரு வசனமும் சேர்த்துவிட்டான்.