சேர்வராயன் மலைக் கல்லில் ஒரு சுவர்க் கடிகாரம்

ஜூன் 7, சனி

கருப்பூர் பக்கம் ஒரு கல் பட்டறையில், வெட்டிய மிச்சமாகக் கிடந்த சார்னோக்கைட் துண்டை வாங்கி வந்தேன். ஏற்காடு மலையின் பெரும்பகுதி இந்தக் கல்தான், சுமார் 250 கோடி வருஷப் பழசு. எண்ணெய் தடவின மாதிரி பச்சை கலந்த கருப்பு. தங்கச்சி புது வீட்டுக்கு இதில்தான் கடிகாரம். கடையில் மார்பிள் கடிகாரங்கள் அழகாகவே இருக்கின்றன. ஆனால் அவள் வீட்டுக் கூடத்தில் நம் ஊர்க் கல்தான் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஜூன் 8, ஞாயிறு

எண்கள் வேண்டாம். 12, 3, 6, 9 இடங்களில் மட்டும் வெள்ளைப் புள்ளி. அதற்கு மேக்னசைட் என்ற வெள்ளைக் கனிமம். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்த காலத்தில் வீட்டில் வைத்திருந்த கட்டி இருக்கிறது. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவுகோலில் மேக்னசைட் 4 அளவில்தான். சார்னோக்கைட்டில் உள்ள குவார்ட்ஸ் 7. சேர்த்துத் தேய்த்தால் வெள்ளை மட்டும் குழிந்துவிடும். தனியாக மெருகேற்றிப் பிறகு பதிக்க வேண்டும்.

ஜூன் 14, சனி

நாள் முழுக்கப் பட்டறையில். 30 செ.மீ. வட்டம், 2 செ.மீ. கனம். முட்களை ஓட்டும் கடிகார மெஷினின் தண்டு அவ்வளவு கனத்துக்கு எட்டாது என்பதால் பின்புறம் சதுரமாகக் குடைந்து, நடுவில் மட்டும் 5 மி.மீ. விட்டோம்.

"தண்ணி நிக்காம ஊத்துங்க தம்பி, சூடேறினா கல்லு விட்டுடும்" என்றார் பட்டறை அண்ணன். துளையை முகப்பிலிருந்து போட்டார். பிட் வெளியேறும் பக்கம்தான் சில்லு பெயரும். அது பின்னால் போய்விடட்டும் என்று. எத்தனை கல் பார்த்த கை! தண்ணீர் தூசியையும் அடக்குகிறது. இந்தத் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும். முகமூடியைக் கழற்றவே கூடாது.

அப்புறம் மெருகு: தேய்க்கும் பட்டையின் எண் 60, 120, 220 என்று ஏறி 3000 வரை; எண் ஏற ஏற பட்டை நைசாகும். 800 தாண்டியதும் நீலம் கலந்த குவார்ட்ஸ் மணிகள் கண்ணில் பட்டன.

ஜூன் 15, ஞாயிறு

மெஷின் பொருத்தினேன். அதற்குள் கவை வடிவில் சின்னக் குவார்ட்ஸ் படிகம், நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதை 15 தடவை இரண்டால் வகுத்தால் நொடிக்கு ஒரு துடிப்பு. படிகம் ஆலையில் வளர்த்ததுதான். ஆனால் கல்லில் இருக்கும் அதே கனிமம். இதை நினைக்க நினைக்க எனக்குச் சந்தோஷம்.

ஜூன் 21, சனி

மாட்டியாகிவிட்டது. எடை கிட்டத்தட்ட 4 கிலோ. மெஷினில் இருக்கும் பிளாஸ்டிக் கொக்கியை நம்பவில்லை. கல்லின் பின்னால் எஃகுப் பட்டை, சுவரில் ஆங்கர் போல்ட்.

"நம்பர் இல்லாம எப்படிங்க தம்பி பாக்கறது?" என்று தங்கச்சியின் மாமியார் கேட்டார். கேட்ட கையோடு "பத்தே கால்" என்று அவரே சொன்னார். சரியாகத்தான் சொன்னார்.

அடுத்து கஞ்சமலைக் கல். கறுப்பும் வெளுப்புமாக வரி ஓடும் இரும்புக் கல், காந்தம் ஒட்டும். மெஷினுக்குள் இருக்கும் மோட்டாரும் காந்தத்தில் ஓடுவதால், இரண்டையும் தள்ளி வைக்கிற மாதிரி மேசைக் கடிகாரமாக வரைந்து பார்க்கிறேன்.