முதலை விந்தணுவின் ஓட்டத்தை அளக்கப் போகிறவர்களுக்கு

ஊர்வனவற்றின் விந்தணு இயக்கம் பற்றி ஆய்வு செய்யலாமா என்று கேட்கிற ஜூனியர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: அசையாமல் கிடக்கிற விந்தணுவைச் செத்தது என்று எழுதிவிடாதீர்கள். மனிதன், மாடு என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது சட்டென்று பிடிபடாது. பாம்புகளிலும் ஆமைகளிலும் பெண் தன் கருக்குழாயில் விந்தணுவை மாதக்கணக்கில், சில இனங்களில் வருடக்கணக்கில்கூட, சேமித்து வைக்கிறது. அவ்வளவு காலம் தாக்குப்பிடிக்க வேண்டிய செல் எப்போதும் துள்ளிக்கொண்டே இருக்கத் தேவையில்லை. செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறின் அளவைக் கூட்டும் பென்டாக்சிஃபைலின் போன்ற மருந்தைச் சேர்த்தால் மந்தமாகக் கிடந்த முதலை விந்தணு வேகமெடுக்கும். அதனால் இயக்கத்தை எண்ணும் அதே மாதிரியிலிருந்து ஒரு துளியில் ஈயோசின்-நிக்ரோசின் சாயமும் போட்டுப் பாருங்கள். தலை வெள்ளையாக இருந்தால் செல்லின் சவ்வு உடையவில்லை, உயிரோடு இருக்கிறது; சிவந்தால் உடைந்துவிட்டது, செத்துவிட்டது.

என் ஆய்வு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், பண்ணையில் வளர்ந்த உவர்நீர் முதலைகளில். அங்கே ஆய்வாளர் ஸ்டீபன் ஜான்ஸ்டனின் குழு கையாண்ட முறைப்படி, முதலையை அசையாமல் கட்டி, கழிவாய் (கழிவும் விந்தும் வெளிவரும் ஒரே துளை) வழியாக விரலால் தடவி விந்து எடுப்பார்கள். அது அனுபவசாலிகளின் வேலை, நீங்கள் தள்ளியே நில்லுங்கள். குழாய் உங்கள் கைக்கு வந்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பால் போல இருந்தால் சரி. மஞ்சள் தட்டினாலோ சுண்ணாம்புத் துகள் போல எதுவும் மிதந்தாலோ சிறுநீர் கலந்திருக்கிறது. உப்பின் செறிவு மாறி வால்கள் சுருண்டுகொள்ளும். அந்தக் குழாயை நல்லதோடு கலக்காமல் தனியாகக் குறித்து வையுங்கள்.

அடுத்து வெப்பநிலை. பல ஆய்வகங்களில் மைக்ரோஸ்கோப்பின் சூடேற்றும் தட்டு 37 டிகிரியிலேயே இருக்கும். அதற்கு முன் யாரோ மாட்டு விந்து பார்த்திருப்பார்கள். முதலை சுற்றுப்புறத்திலிருந்து வெப்பம் பெறும் விலங்கு. 30 டிகிரியை ஒட்டி வைத்து, எல்லா மாதிரிக்கும் அதையே கடைப்பிடியுங்கள். விந்து எடுத்த நேரம், ஸ்லைடு போட்ட நேரம், தட்டின் வெப்பநிலை மூன்றையும் நோட்டில் எழுதாத அளவீடு எனக்கு அளவீடே இல்லை.

காசா (CASA) எனப்படும், விந்தணு இயக்கத்தின் கணினிவழி அளவீட்டைப் பற்றி நிறைய சொல்லலாம். அந்த மென்பொருள் பெரும்பாலும் முட்டை வடிவத் தலைகளுக்கென்று அமைத்தது. முதலை விந்தணுவின் தலையோ நூல் போல நீளமாக, லேசாக வளைந்து இருக்கும். தலையின் அளவு வரம்பை மாற்றாவிட்டால் பாதியைக் குப்பை என்று ஒதுக்கிவிடும். கேமராவின் ஃபிரேம் வேகம் (நொடிக்கு எடுக்கும் படங்களின் எண்ணிக்கை) குறைந்தாலும் வம்புதான். வளைந்து போன பாதையை நேர்கோடாக்கி, வளைபாதை வேகத்தைக் குறைத்துக் காட்டும். இன்னொன்று, எல்லா அணுக்களும் ஒரே திசையில் நகர்ந்தால் அது நீச்சல் இல்லை, கவர்ஸ்லிப்புக்குக் கீழே திரவம் ஓடுகிறது. அது அடங்கும்வரை பொறுங்கள். முதல் சில வாரம் இயந்திரத்தைத் தொடாமல், கண்ணால் 200 அணுக்களை எண்ணி, முன்னேறுபவை, இடத்திலேயே துடிப்பவை, அசையாதவை என்று பிரித்துப் பழகினால் பிறகு காசா உங்களை ஏமாற்ற முடியாது.

மாதிரி எடுக்கும் வழியையும் விலங்குதான் தீர்மானிக்கும். நியூசிலாந்தில் வாழும், பல்லி போன்ற ஊர்வனவான டுவாட்டாராவின் ஆணுக்குப் புணர்ச்சி உறுப்பே கிடையாது. இணைசேர்ந்த பெண்ணிடமிருந்து விந்தை எடுத்து அளந்தார்கள். 2021இல் வெளியான அந்த முடிவின்படி அதுவரை அளந்த ஊர்வனவற்றிலேயே அதன் விந்தணுதான் வேகமானது. எனக்கு அந்த வேகத்தைவிட, விலங்கைத் தொந்தரவு செய்யாத அந்த யோசனைதான் பிடித்தது.

வைவாவில், அதாவது ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வில், இரண்டு கேள்விகள் பெரும்பாலும் வரும். ஒன்று புள்ளியியல்: ஒரு முதலையின் ஆயிரம் விந்தணுக்கள் ஆயிரம் மாதிரிகள் ஆகாது. அலகு விலங்குதான், பகுப்பாய்வில் அதைக் காட்டுங்கள். மற்றொன்று, "ஓடினால் கருவுறுமா?" சீனாவின் சுசோ விலங்குப் பூங்காவில் யாங்சி பெருமென்னோட்டு ஆமைக்கு 2015 முதல் பலமுறை செயற்கைக் கருவூட்டல் செய்தும் முட்டை பொரியவில்லை. 2019 ஏப்ரலில் அந்தப் பெண் ஆமை இறந்தது. விந்தணு இயக்கம் நன்றாக இருந்தாலும் பெண்ணின் முட்டை, வயது, விந்து வைக்கும் இடம், நேரம் எல்லாம் பாக்கி இருக்கின்றன. இயக்கத்தை வைத்து நாம் தேர்ந்தெடுப்பது எந்த மாதிரியைச் சேமிக்கலாம், எந்தக் கரைசலில் குளிரூட்டலாம் என்பதைத்தான். அதை அப்படியே சொல்லுங்கள், தேர்வாளர்கள் ஒப்புக்கொள்வார்கள்.