கடல்பாசிக்குள் அண்மை அகச்சிவப்புச் சாயம் தேடி அலைந்த கதை

விடியற்காலை ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ரயிலேறி, ராத்திரி வெறுங்கையோடு திரும்பிய அந்த நாளை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. கன்ஃபோகலில் (லேசரால் சாயத்தை ஒளிரவைத்து, ஆழம் ஆழமாகப் படம் எடுக்கும் நுண்ணோக்கி) அண்மை அகச்சிவப்பு ப்ரோப் (தேடும் பொருளில் போய் ஒட்டி ஒளிரும் சாயம்) பார்க்கக் கிளம்புகிறவர்கள் யாருக்காவது அந்த அலைச்சல் மிச்சமாகட்டும்.

என் வேலை கப்பாபைகஸ் என்ற சிவப்புக் கடல்பாசியில். சித்திரை வெயிலில் கடல் சூடேறினால் மிதவையில் கட்டிய பாசி வெளுத்து, ஒடிந்து விழும். ஐஸ்-ஐஸ் நோய் என்பார்கள். "நேத்து நல்லாத்தான் இருந்துச்சு தாயி, இன்னைக்குத் தொட்டா கையோட வருது" என்றபடி மாதிரி எடுத்துக் கொடுத்தார் ஒரு அக்கா. வெளுத்த பகுதியும் நல்ல சதையும் சேரும் அந்த ஓரத்தில் பாக்டீரியா எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், பாசி தானாகவே ஒளிரும். அதன் சிவப்பு நிறமியான ஃபைக்கோஎரித்ரின் 580 நானோமீட்டர் பக்கம், பச்சையம் 680 பக்கம். பாக்டீரியாவைக் காட்ட 670-இல் ஒளிரும் சை5 (Cy5) சாயம் போட்டால் பச்சையத்தில் கரைந்துபோகும். அதனால்தான் 750 பக்கம் ஒளியை உறிஞ்சி, 775 பக்கம் உமிழும் சை7 (Cy7) சாயம் வாங்கினேன்.

கன்ஃபோகல் இருக்கும் ஒரு மையத்துக்கு முன்பதிவுக்குப் போன் செய்தபோது, "அகச்சிவப்பா? எல்லாம் வரும், வாங்க" என்றார்கள். இரண்டு மணி நேரத்துக்குப் பணம் கட்டி, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்து ஸ்லைடுகளைக் கொண்டுபோனேன். அங்கே இருந்த லேசர்கள் 405, 488, 561, 640. அவ்வளவுதான். 640-ஐ வைத்துக்கொண்டு சை7-ஐ உருப்படியாகத் தூண்ட முடியாது. டிடெக்டரும் 700-ஐத் தாண்டினால் மங்கிப்போகிற வகை. கட்டிய பணம் திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள்.

அதைவிட வலித்தது வேறு. ஆபரேட்டர் ஐபீஸில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "ஸ்டெயினே ஏறலையே மேடம்" என்றார். அதை நம்பி, ஊருக்கு வந்ததும் பாதி ஸ்லைடுகளைத் தூக்கிப் போட்டேன். 775-இல் வரும் ஒளி யார் கண்ணுக்கும் தெரியாது என்பது எனக்குத் தெரியும், களைப்பில் தோன்றவில்லை. ஐபீஸ் இருட்டாக இருக்கிறது என்பதற்காக ஒரு ஸ்லைடையும் எறியாதீர்கள்.

இரண்டாவது தடவை போனில் ஒரே கேள்விதான் கேட்டேன்: உங்களிடம் உள்ளதிலேயே அலைநீளம் கூடிய லேசர் எத்தனை நானோமீட்டர்? 730 இருக்கிற இடம் ஒரு ராத்திரிப் பயணத்தில் கிடைத்தது. டிடெக்டர் 800 வரை பார்க்குமா என்றும் கேட்டுக்கொண்டேன்.

இந்த முறை எல்லா ஸ்லைடிலும் ஹோக்ஸ்ட் (டிஎன்ஏவில் ஒட்டி நீலமாக ஒளிரும் சாயம்) போட்டிருந்தேன். 405-இல் அந்த நீலத்தை வைத்து ஃபோகஸ் பிடித்து, அப்புறம் 730-க்கு மாறினோம். இரண்டு நிறமும் ஒரே ஆழத்தில் உட்காராது. ஹோக்ஸ்ட் பளிச்சென்று இருக்கும் தளத்திலேயே நின்றால் சை7 மங்கலாகத்தான் தெரியும். மேலும் கீழும் சில மைக்ரான் தள்ளி அடுக்காகப் படம் எடுங்கள். அலைநீளம் கூடினால் படத்தின் கூர்மை குறையும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

முதலில் சாயமே போடாத ஸ்லைடை வைத்தேன். முழு இருட்டு. பச்சையம் 730-ஐ அநேகமாக உறிஞ்சுவதில்லை. செட்டிங்கில் கைவைக்காமல் சாயம் போட்டதை வைத்தபோது, வெளுத்த பக்கத்தின் தோலில் பொடிப்பொடியாகப் புள்ளிகள். ஓரத்தில் இரண்டு செல்களுக்கு நடுவே ஒரு கோடு போல உள்ளே இறங்கியிருந்தன. நல்ல சதைப் பக்கம் ஒன்றுகூட இல்லை. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

கிளம்பும்போது பென் டிரைவ் அனுமதி இல்லை என்றார்கள். ஜேபெக் மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். லேசர் அளவு, பின்ஹோல் (ஒளி நுழையும் துளை), கெயின் (டிடெக்டர் சிக்னலைப் பெருக்கும் அளவு) எல்லாம் மூலக் கோப்பில்தான் இருக்கும். நான் அங்கேயே உட்கார்ந்து, மூலக் கோப்புகள் சர்வரில் ஏறி, லிங்க் என் மெயிலுக்கு வந்த பிறகுதான் எழுந்தேன். ரயிலுக்கு இருபது நிமிடம் இருந்தது.