கணப்பும் டிவியும் ஒரே சுவரில்

மேற்கு லண்டனில் நாங்கள் வாங்கியது 1930-களில் கட்டிய வீடு. பக்கத்து வீட்டோடு ஒரு சுவரைப் பங்கு போட்டுக்கொள்ளும் இரட்டை வீடுகளில் ஒன்று. அந்தப் பொதுச் சுவரில்தான் ஹாலின் கணப்படுப்பும் இருந்தது. புகைபோக்கியை உள்ளடக்கிய சுவர் ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு அறைக்குள் துருத்திக்கொண்டு நிற்க, இரண்டு பக்கமும் ஒரு மீட்டர் அகலத்தில் உள்வாங்கிய இடம். அந்த ஊரில் அந்தக் காலத்து வீடுகள் பெரும்பாலும் இந்த அமைப்புதான்.

கட்டியவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. பிபிசி அலெக்சாண்ட்ரா பேலஸிலிருந்து முறையான தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கியதே 1936 நவம்பரில்தான். அதுவரை அறையில் எல்லோரும் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டிய பொருள் நெருப்பு மட்டுமே. 1952 டிசம்பரில் லண்டனை மூடிய புகைமூட்டமும், அதன் விளைவாக வந்த 1956-ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டமும் நிலக்கரிக்கு முடிவு கட்ட, கரி எரித்த குழிகளில் பின்னால் வந்தவர்கள் கேஸ் கணப்பைச் செருகினார்கள். எங்கள் பங்குக்கு வந்தது பித்தளை விளிம்பு வைத்த ஒன்று. சுற்றிலும் தேக்கு நிறம் பூசிய மரச்சட்டம், 1.2 மீட்டர் உயரத்தில் பொம்மை வைக்கும் பலகை, கீழே கால் விரலை இடிப்பதற்கென்றே ஒரு பளிங்கு மேடை. டிவி சன்னலோரம் கோணலாக நின்றது. சோபாவில் நான்கு பேர் உட்கார்ந்தால் இரண்டு பேருக்குத் திரை தெரியும்.

வழிகள் இல்லாமல் இல்லை. பலகைக்கு மேலே டிவியை மாட்டலாம்; என் மைத்துனர் வீட்டில் அப்படித்தான். சோபாவில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 1.05 மீட்டரில் இருக்கும். அங்கே திரையின் நடுப்பகுதியே 1.6 மீட்டருக்கு மேல். ஐந்து நாள் டெஸ்ட் மேட்ச் பார்க்கிற குடும்பத்துக்கு அது ஆகாது. துருத்தலுக்குப் பக்கத்தில் உள்வாங்கிய பள்ளத்தில் வைக்கலாம் என்றால், 55 அங்குலத் திரையின் அகலம் 1.23 மீட்டர். 43 அங்குலம் நுழையும். அந்த யோசனையை வீட்டில் ஒருவரும் காதில் வாங்கவில்லை.

மூன்றாவது வழியைச் சொன்னவர் கட்டுமானக்காரர்: துருத்தலையே இடித்துவிடலாம். கேட்க இனிக்கிறது. ஆனால் மாடியறையிலும் பரணிலும் நிற்கும் செங்கல் எல்லாம் இதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தாங்க இரும்பு உத்தரம், கட்டுமான விதிகளின்படி ஒப்புதல், 1996-ஆம் ஆண்டுப் பொதுச்சுவர்ச் சட்டப்படி பக்கத்து வீட்டாருக்கு நோட்டீஸ் என்று வேலை நீளும். பக்கத்து வீட்டுக்காரரின் புகைவழி எங்களுடையதோடு முதுகோடு முதுகாக ஏறுகிறது. முப்பத்தைந்து சென்டிமீட்டர் ஆழ இடத்துக்காக அவ்வளவு தூரம் போக நான் தயாராக இல்லை.

ஆகவே கணப்பைக் கழற்றிவிட்டு, டிவியைத் துருத்தலின் மேலேயே தாழ்வாக மாட்டுவது என்று முடிவானது. பழைய நெருப்புக் குழி, செட்டாப் பெட்டியும் ரவுட்டரும் உட்காரும் மாடமாக மாறும். நெருப்புக்கு வருத்தப்பட ஆளில்லை. வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் வந்த பிறகு அதை யாரும் மூட்டியதே இல்லை.

கேஸ் வேலையை அங்கே கண்டவர் தொடக் கூடாது; கேஸ் சேஃப் என்ற பதிவேட்டில் பதிவு பெற்றவர்தான் செய்ய வேண்டும். வந்தவர் கணப்பைப் பிரித்து, குழாயைச் சுவருக்குள் விட்டுவைக்காமல் அது கிளை பிரியும் இடத்திலேயே மூடி போட்டு, கசிவு சோதித்துவிட்டுப் போனார். பின்னால் இருந்த பலகையைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம். பிரிட்டனில், தூள் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் முழுதாகத் தடைசெய்யப்பட்டது 1999-இல்தான். அதற்கு முந்தைய கணப்புப் பலகைகளில் அது இருக்கக்கூடும். மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்பி, இல்லை என்று தாளில் வரும்வரை யாரையும் சுத்தியல் எடுக்க விடவில்லை.

மரச்சட்டத்தை நெம்பியதும் பழைய சுண்ணாம்புப் பூச்சு கையகலப் பத்தைகளாக உதிர்ந்தது. குழிக்குள் உடைந்த சுட்டமண் பலகை, பறவை கொண்டுவந்த சுள்ளி, அதன்மேல் விரல் வைத்தால் முட்டிவரை கறுக்கும் புகைக்கரி. புகைபோக்கி சுத்தம் செய்பவர் துணி கட்டி, கீழிருந்து தூரிகையை ஏற்றினார். திருச்சியிலிருந்து வந்திருந்த அம்மா சமையலறைக் கதவின் அடியில் ஈரத்துண்டைச் செருகிவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டார். அனுபவசாலி. விறகடுப்பு காலத்தவர்.

பிறகு பூச்சுக்காரரோடு சிறு வாக்குவாதம். அவர் புகைவழியைப் பலகையால் முழுக்க அடைத்துப் பூசிவிடலாம் என்றார். காற்றோட்டம் இல்லாமல் அடைத்தால் ஈரம் உள்ளே தங்கி, பழைய கரியின் உப்பைக் கரைத்துக்கொண்டு மாடியறைச் சுவரில் பழுப்புக் கறையாக வெளிவரும். கூரைமேல் மழை புகாமல் காற்று மட்டும் போய்வரும் மூடி, கீழே அடைப்பில் ஒரு சல்லடைத் தகடு, இரண்டும் வேண்டும் என்று நின்றேன்.

“அடைப்பானேன், அதிலே ஓட்டை வைப்பானேன்?” என்றார் அம்மா.

“சுவர் மூச்சு விட வேண்டும் அம்மா.”

“அப்படியானால் அந்த இடத்தில் படம் கிடம் சாத்தி வைத்துவிடாதே.” பூச்சுக்காரரை விட அவருக்குச் சீக்கிரம் புரிந்துவிட்டது.

டிவி மாட்டுவதுதான் நான் பயந்த கட்டம். துருத்தலின் முன்பக்கம் அரைச் செங்கல் கனம், பத்து சென்டிமீட்டர்தான். அதற்கு அப்பால் வெறும் புகைவழி. நீளத் திருகு போட்டால் நுனி வெற்றிடத்தில் நிற்கும். குழிக்கு மேலே கிடக்கும் கான்கிரீட் லிண்டலில் துளைக்கும் எந்திரம் கத்தியதே தவிர இறங்கவில்லை. அதைத் தொடாமல், மேலே நல்ல செங்கலில் ராவல் பிளக் இறக்கி, ரசமட்டம் வைத்துத் தாங்கியைப் பொருத்தினோம். திரையின் நடு இப்போது கண்ணுக்கு நேர். எலெக்ட்ரீஷியன் மின்கம்பியைக் கீழே உள்ள பிளக் பாயின்ட்டிலிருந்து நேர்செங்குத்தாகவே ஏற்றினார். நாளை ஆணி அடிப்பவர் கம்பி எங்கே ஓடுகிறது என்று ஊகிக்க முடிய வேண்டுமாம். படக் கேபிளுக்குத் தனியாக அகலமான குழாய் பதித்தோம். இந்தச் சுவரில் செலவழித்த காசிலேயே மிக உபயோகமானது அந்தக் குழாய்தான். கேபிள் மாறினால் இழுத்துக்கொள்ளலாம், பூச்சை உடைக்க வேண்டாம்.

இடப்பக்கப் பள்ளம் புத்தகங்களுக்கு. வலப்பக்கம் பூஜை அலமாரி என்று மனைவி முன்பே எழுதி வைத்துவிட்டார். நவராத்திரிக்கு அங்கே ஐந்து படி கொலு நிற்கும். விளக்குத் திரி கேபிளுக்கு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை.

பளிங்கு மேடையை எடுத்த இடத்தில் தரைப்பலகையே கிடையாது, அடியில் கான்கிரீட். பழைய பைன் பலகை வாங்கி இட்டு நிரப்பினோம். நிறம் ஒட்டவில்லை. ஜமக்காளம் விரித்தாயிற்று.

மாடியறையில் இதே புகைபோக்கியை ஒட்டி இன்னொரு சின்னக் கணப்பு இருக்கிறது. அதையும் இப்படி மாற்றி டிவி மாட்டித் தரும்படி மகன் கேட்டான். அந்த அறைக்கு டிவியே கிடையாது என்று அவன் அம்மா சொல்லிவிட்டார்.