பழைய கெப்பைத் திருத்துவதா, மாற்றுவதா? எஞ்சினுக்கு முதல் சேசிஸைப் பாருங்கள்

பழைய கெப், அதாவது பின்தொட்டி வைத்த பிக்கப், வைத்திருக்கிறவர்கள் கேட்கிற கேள்வி பெரும்பாலும் எஞ்சினில்தான் தொடங்கும். "புகை தள்ளுது, எஞ்சின் செய்யவா, இல்ல வித்துப்போட்டு வேற எடுக்கவா?" எங்கள் கரையில் இந்தக் கேள்விக்கு விடை எஞ்சினில் இல்லை. எஞ்சினை இறக்கலாம், செய்யலாம், கொழும்பில் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் இன்னொன்று எடுத்து ஏற்றலாம். கியர்பொக்ஸும் டிஃபரன்ஷலும் அப்படித்தான். வண்டி முழுவதையும் தாங்குகிற அடிச்சட்டமான சேசிஸை உப்புத் தின்றுவிட்டால் அந்த வசதி கிடையாது. கல்முனை, ஒலுவில், வாழைச்சேனை என்று கடலோடு ஒட்டி ஓடுகிற வண்டிக்கு முடிவு கீழேதான் இருக்கிறது.

பார்ப்பதற்கு முதல்நாள் சேர்விஸ் ஸ்டேஷனில் அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவி எடுங்கள். ஒயில் ஸ்பிரே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பழைய ஒயிலைக் கீழே அடித்தால் துரு கறுத்து மறைந்துவிடும், ரப்பர் புஷ்களும் பிரேக் ஹோஸும் ஊதிப்போகும். மறுநாள் ரேம்ப்பில் ஏற்றி, ஒரு சின்னச் சுத்தியல், பழைய ஸ்க்ரூட்ரைவர், டோர்ச் மூன்றோடும் கீழே போங்கள். ரேம்ப் இல்லையென்றால் ஸ்டாண்ட் வைத்துத்தான் குனிய வேண்டும், ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது.

சேசிஸை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். உள்ளே தின்றுபோன இடம் மொத்தையாக, ஈரமான சத்தம் கொடுக்கும். அந்த இடத்தில் ஸ்க்ரூட்ரைவரை வைத்து அழுத்துங்கள். தகடு தகடாக உரிந்து வந்தாலும் அடியில் இரும்பு கெட்டியாக நின்றால் அது மேல்துரு, பயமில்லை. உள்ளே இறங்கினால் கதை வேறு. முக்கியமாகப் பின் ஸ்பிரிங்கைச் சேசிஸோடு பிடிக்கிற முன் ஹேங்கரையும் பின் ஷெக்கிள் இடத்தையும் பாருங்கள். அடுத்தது டீசல் டாங்கிக்கு மேற்பக்கம். அங்கே கண் போகாது, விரலை விட்டுத் தடவித்தான் பார்க்க வேண்டும். ஆட்கள் இருக்கிற கூட்டின் பின்சுவருக்குக் கீழே சேசிஸ் மேல்நோக்கி வளைகிற இடத்தில் சேறு உள்ளே தங்கிக் காயாமல் கிடக்கும். அங்குள்ள வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து பாருங்கள். மண்ணோடு துருத்தூள் கொட்டினால் உட்பக்கம் மெலிகிறது என்று அர்த்தம்.

மீன் ஏற்றிய வண்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும். ரெஜிபோம் பெட்டியிலிருந்து ஐஸ் உருகி வடிகிற தண்ணீரில் உப்பும் இரத்தமும் கலந்திருக்கும். அது பின்தொட்டியின் துளைகள் வழியே நேராகப் பின் குறுக்குச் சட்டத்தில் விழும். இப்படி ஓடிய வண்டியில் முன்பாதி புதிதுபோல இருக்கும், பின்பாதி அப்பளமாக நொறுங்கும். வண்டியை வைத்துக்கொள்வதென்று முடிவெடுத்தால், அந்தத் துளைகளில் ரப்பர்க் குழாய் மாட்டிச் சேசிஸைத் தாண்டித் தண்ணீரை வெளியே விடுங்கள். ஒரு மணித்தியால வேலைதான். இத்தனை மீன் வண்டிகளில் ஏன் ஒருவரும் இதைச் செய்வதில்லை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நெல் ஏற்றிய வண்டிக்குத் துருவை விட வளைவுதான் பிரச்சினை. 50 கிலோ மூட்டை 20 ஏற்றினாலே ஒரு தொன். இந்த ரகக் கெப்கள் ஏற்றக்கூடிய பாரத்தின் கணக்கே ஏறக்குறைய அவ்வளவுதான். அறுவடைக் காலத்தில் அதில் எத்தனை ஏறுகிறதென்று அம்பாறை ரோட்டில் நின்று பார்த்தால் தெரியும். ஆட்கள் இருக்கிற கூட்டுக்கும் பின்தொட்டிக்கும் இடையில் இருக்கிற இடைவெளியை மேலேயும் கீழேயும், இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். மேலே அகலமாகவும் கீழே ஒடுக்கமாகவும் இருந்தால், தொட்டியின் மவுண்ட் ரப்பர்கள் நசுங்கியிருக்க வேண்டும், அல்லது சேசிஸ் பின்னால் தொங்கியிருக்க வேண்டும். ரப்பர் சரியாக இருந்தும் இடைவெளி கோணலாக இருந்தால் வளைவுதான்.

விபத்துப்பட்டதா என்று சந்தேகம் இருந்தால் சமதரையில் நிறுத்தி, சேசிஸின் இரண்டு பக்கத்திலும் ஒரே மாதிரியான நான்கு துளைகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சோக்கால் குறியுங்கள். வண்டியை நகர்த்திவிட்டு இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு சென்ரிமீற்றர் வித்தியாசம் வந்தால் சேசிஸ் கோணி இருக்கிறது. அந்த வண்டி டயரைத் தின்றுகொண்டே இருக்கும், எலைன்மென்ட் எத்தனை தரம் செய்தாலும் நிற்காது.

ஓட்டை இருந்தால் வெல்டிங் செய்யலாமா? இடத்தைப் பொறுத்தது. உள்ளங்கை அளவில் ஒன்றிரண்டு ஓட்டைகள், ஸ்பிரிங் ஹேங்கரில் இருந்து தள்ளி இருந்தால் செய்யலாம். துருவுக்கு மேலே தகடு வைத்து ஒட்டுவது வேலை இல்லை, ஏமாற்று. பளபளக்கிற இரும்பு வரும்வரை வெட்டி எடுத்து, சேசிஸின் தடிப்பிலேயே, அதாவது பெரும்பாலும் 3 முதல் 4 மில்லிமீற்றர் தகடு வைக்க வேண்டும். தகட்டின் முனையைச் சதுரமாக வெட்டாமல் சாய்த்து வெட்டச் சொல்லுங்கள். சேசிஸுக்குக் குறுக்கே நேர்கோடாக வெல்டிங் ஓடினால் பாரம் ஏறும்போது அந்தக் கோட்டோரமாகவே வெடிக்கும். டீசல் டாங்கியைக் கழற்றாமல் அதன் பக்கத்தில் வெல்டிங் தொடக்கூடாது. பற்றரியின் இரண்டு முனையையும், கொமன் ரெயில் வண்டியென்றால் கம்பியூட்டர் பிளக்கையும் கழற்றிவிட வேண்டும். முடிந்த பிறகு வெளியில் பிரைமர் அடித்தால் மட்டும் போதாது. உள்ளே சூடுபட்டு வெறுமையான இரும்பு இருக்கிறது. துளை வழியாக மெழுகு ரக எதிர்த்துரு ஒயில் அடிக்காவிட்டால் ஒட்டின இடம்தான் முதலில் போகும்.

இரண்டு பக்க ஸ்பிரிங் ஹேங்கரும் போயிருந்தால் என் கணக்கில் அந்த வண்டி முடிந்தது. வேறு சேசிஸ் வாங்கிப் போடலாமே என்பார்கள். வண்டியின் அடையாளமே சேசிஸ் நம்பர்தான், பதிவுப் புக்கில் இருப்பது அதுதான், வேறு சேசிஸ் போட்டால் அது ஒத்துப்போகாது. டொயோட்டா ஹைலக்ஸில் அந்த நம்பர் வலது முன்சில்லுக்குப் பக்கத்தில், சேசிஸ் சட்டத்திலேயே பதிந்திருக்கும். சேறும் தண்ணீரும் அடிக்கிற இடம். கம்பித் தூரிகையால் மெதுவாகத் துடைத்து எழுத்து முழுதாக வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். நம்பர் அரித்துப்போன வண்டியில் ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம், அந்த இடத்தில் வெல்டிங் செய்திருந்த வண்டியை வாங்கவும் வேண்டாம்.

சேசிஸ் தப்பியது என்றால் இப்போது எஞ்சினுக்கு வரலாம்.

எஞ்சின் குளிராக இருக்கும்போது காலையில் ஸ்டார்ட் செய்யுங்கள். வெள்ளைப் புகை வந்து ஒரு நிமிடத்தில் நின்றால் குளோ பிளக் பக்கம் பாருங்கள். நீலப்புகை நிற்காமல் வந்தால் ஒயில் எரிகிறது. பாரத்தில் மட்டும் கறுப்பு என்றால் எயார் ஃபில்டர், நொசில், பம்ப். இந்த மூன்றாவது வகைக்கு எஞ்சினை இறக்கவே தேவையில்லை. ஆனால் கறுப்புப் புகையைக் காட்டி முழு ஓவர்ஹோல் எழுதுகிற கராஜ்களும் இருக்கின்றன. ஆகவே முதலில் கம்பிரஷனை, அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை, அளக்கச் சொல்லுங்கள், டீசலுக்கான மீற்றரில். டொயோட்டாவின் 2எல், 3எல் எஞ்சின்களுக்குச் சூடான நிலையில் சதுர சென்ரிமீற்றருக்கு 32 கிலோ நல்ல அளவு, 20க்குக் கீழே போகக்கூடாது. சிலிண்டர்களுக்கிடையில் வித்தியாசம் 5ஐத் தாண்டக்கூடாது. நான்கும் ஒரே மாதிரி 24, 25 என்று நின்றால் எஞ்சின் கிழடு, ஆனால் ஓடும். பக்கத்துப் பக்கத்து இரண்டு மட்டும் விழுந்திருந்தால் ஹெட் கெஸ்கட்டைச் சந்தேகியுங்கள், ஹெட்டைக் கழற்றிச் செய்வதோடு தீரலாம். ஒன்று மட்டும் விழுந்தால் வால்வா பிஸ்டனா என்று திறந்துதான் பார்க்க வேண்டும்.

2எல், 3எல் இரண்டிலும் ஹெட் வெடிக்கிற பிரச்சினை பெயர்போனது. காரணம் சூடு, சூட்டுக்குக் காரணம் பெரும்பாலும் ரேடியேட்டர். கரையோரக் கிணறுகளில் உவர் கலந்த தண்ணீர். அதை வருடக்கணக்கில் ஊற்றினால் ரேடியேட்டர்க் குழாய்கள் அடைத்துக்கொள்ளும், அலுமினியப் பாகங்கள் அரிக்கும். கூலன்டும் வடித்த தண்ணீரும் சரிபாதி ஊற்றினால் போதும், விலை ஒரு ஹெட் கெஸ்கட்டுக்குக்கூடக் கிட்ட வராது. "இந்த வெயிலுக்குத் தேர்மோஸ்டாட் எதுக்கு" என்று கழற்றி எறிவதும் சரியில்லை. சில எஞ்சின்களில் பைபாஸ் வழியை மூடுவதே அந்தத் தேர்மோஸ்டாட்தான். அது இல்லாவிட்டால் சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றும்.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாத வண்டியில் அதுதான் முதல் செலவு. டொயோட்டாவின் எல் வகைக்கு 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை. மிட்சுபிஷியின் 4டி56இல் இரண்டு பெல்ட் இருக்கிறது. சின்னது, பேலன்ஸ் ஷாஃப்ட்டுக்கானது, அறுந்து பெரிய பெல்ட்டுக்குள் போனால் எஞ்சின் அங்கேயே நின்றுவிடும். இரண்டையும் டென்ஷனரோடும் ஒயில் சீல்களோடும் சேர்த்தே மாற்றுங்கள், வாட்டர் பம்ப்பும் அந்தக் கையோடு. நிஸானின் டிடி27 வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, அதில் பெல்ட்டுக்குப் பதில் கியர்.

ஓவர்ஹோலா, ரீகண்டிசன் எஞ்சினா என்றால், கிராங்க்கும் புளொக்கும் நல்லதாக இருந்தால் சொந்த எஞ்சினைச் செய்வதையே நான் சொல்வேன். வெளியில் எடுப்பதன் உள்வயிறு யாருக்கும் தெரியாது. மாற்றத்தான் வேண்டுமென்றால் எஞ்சினோடு பற்றுச்சீட்டையும் இறக்குமதி ஆவணப் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். புதிய எஞ்சின் நம்பரை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். பதியாமல் விட்டால் விற்கும்போதுதான் வலிக்கும்.

கியர்பொக்ஸ், ஸ்டியரிங், போல் ஜொயின்ட் எல்லாம் செலவுதான், முடிவை மாற்றுகிற செலவு இல்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். மாரியில் மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கம் வெள்ளத்தில் இறங்கிய வண்டியின் டிஃபரன்ஷல் ஒயிலைக் கட்டாயம் திறந்து பாருங்கள். சூடாக ஓடிய டிஃபரன்ஷல் தண்ணீரில் இறங்கிச் சட்டென்று குளிரும்போது, மேலே இருக்கிற பிரீதர் என்ற காற்றுத்துளை வழியாகத் தண்ணீரை இழுக்கும். ஒயில் வெளிறிக் கலங்கி வந்தால் உடனே மாற்றி, பிரீதருக்குக் குழாய் போட்டு உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். அப்படியே ஓட்டினால் பேரிங் போகும்.

இனிக் காசு. வண்டியின் பெறுமதியில் பாதிக்கு மேல் திருத்தச் செலவு வந்தால் விற்றுவிடு என்று வெளிநாட்டுக் கணக்கு ஒன்று சுற்றுகிறது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. அந்த இடைவெளியில் பழைய வண்டி விலைகள் ஏறி நின்ற விதத்துக்கு அந்தக் கணக்கு இங்கே பொருந்தாது. மாதக் கணக்காகப் பாருங்கள். மாற்று வண்டிக்கு மேலதிகமாக 30 இலட்சம் லீசிங், வருட வட்டி 18 வீதம், 5 வருடம் என்று வைத்தால் மாதக்கட்டுப்பணம் ஏறக்குறைய 76,200 ரூபாய், மொத்தமாகக் கட்டுவது 45 இலட்சத்து 70 ஆயிரம் வரை. முழு இன்சூரன்ஸ் வேறு. பழைய வண்டியில் 7 இலட்சம் செலவழித்து 3 வருடம் ஓட்டினால் மாதம் 19,500 அளவில் வரும். சில்லறைத் திருத்தத்துக்கு வருடம் ஒன்றரை இலட்சம் சேர்த்தாலும் மாதம் 32,000. இதில் வண்டி கராஜில் நிற்கிற நாட்களின் வாடகை வண்டிச் செலவையும் போடுங்கள். அதற்குப் பிறகும் இடைவெளி பெரிதாக இருந்தால் திருத்துங்கள். புதியதை வாங்கினால் கடைசியில் கையில் ஒரு நல்ல வண்டி மிஞ்சும் என்பது உண்மைதான். ஆனால் போகம் பிழைத்த வருடத்திலும் லீசிங் காரர் வருவார்.

மாற்றுவதென்றால் இன்னொரு டபுள் கெப்தான் வேண்டுமா என்று ஒருதரம் யோசியுங்கள். கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் கடைச்சாமான் ஏற்றுகிறவருக்கு முக்கால் தொன் அளவில் இழுக்கிற பட்டா என்ற சின்ன லொறி போதும், டீசலும் குறைவு. வயலுக்குள் இறங்குவது வருடத்தில் சில கிழமைதான் என்றால் அதற்கு ட்ரெக்டரைக் கூலிக்குப் பிடிப்பது மலிவு.

வேலைக்கு நல்ல காலம் சிறுபோக அறுவடை முடிந்து மாரி தொடங்க முதல், புரட்டாதி அளவில். மாரிக்குள் வெல்டிங்கும் பெயின்டும் செய்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூசுவதுதான் நடக்கும். பெயின்ட் எப்போதும் கடைசி வேலை. விற்கப்போகிற வண்டிக்கு அதுவும் வேண்டாம், புதிதாகக் கறுப்பு அண்டர்கோட் அடித்த வண்டியைப் பார்த்தாலே விவரமானவர்கள் துருவை மறைக்கிறார்கள் என்று விலை குறைப்பார்கள். ஓபன் பேப்பரில், அதாவது வாங்குபவரின் பெயரை எழுதாமல் கையொப்பம் மட்டும் போட்ட படிவத்தில், மட்டும் கொடுக்காதீர்கள். வாங்குபவரின் அடையாள அட்டைப் பிரதி, கைமாறிய திகதி, நேரம் எல்லாம் எழுதிக் கையொப்பம் வாங்கி, பெயர் மாற்றம் முடிந்ததா என்று திணைக்களத்தில் விசாரித்த பிறகுதான் அந்தக் கோவையை மூட வேண்டும்.